கரித்தூளும் மிஷின் எண்ணெயும்

மகளுக்காகக் காத்திருக்க மாதம் எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டிருந்தால், பூட்டுக்காரர் யோசிக்காமல் சொல்லியிருப்பார்: ஒரு சிட்டிகை கிராஃபைட் தூள். பென்சிலுக்குள் இருக்கிறதே, அதே கரிதான். மொத்த விலைக்கு வாங்கினால் சிட்டிகைக்கு அரை டீக் காசுகூட வராது. இவ்வளவு மலிவாக எந்த அப்பனும் காத்திருந்ததில்லை என்று அவருக்குள் ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் பூட்டு செய்கிறவரும் அல்ல, விற்கிறவரும் அல்ல. இருக்கிற பூட்டை நெடுநாள் ஓடவைப்பதுதான் தொழில். தெருவோர மின்பெட்டிகள், அலுவலக அலமாரிகள், நீச்சல் குளத்து லாக்கர்கள், நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிகள் என்று ஊரில் பாதிக் கதவுகள் அவர் கைராசியில்தான் மூடின. போகிற இடமெல்லாம் ஒரே பாட்டு.

"பூட்டுக்கு வியாதி மூணு வழியா வருதுங்க. ஒண்ணு எண்ணெய், ரெண்டு நகலுக்கு நகல் எடுத்த சாவி, மூணு நீங்க."

"நாங்களா?" என்பார் அலுவலக மேனேஜர்.

"திரும்பலைன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு முறுக்கறது யாரு, பூட்டா?"

எண்ணெய்தான் அவருக்குப் பரம எதிரி. "எண்ணெய் விட்ட அன்னைக்கு நல்லா வழுக்கும். அப்புறம் ஊர்த் தூசியெல்லாம் அதுல வந்து குடியேறும். வாடகையும் குடுக்காது, காலியும் பண்ணாது. தூள் போடுங்க, உலர்ந்த தூள். அதைவிட முக்கியம், ரெண்டையும் கலந்துடாதீங்க. எண்ணெயில தூள் சேர்ந்தா தார் ஆயிடும், தார்." பிறகு கதவைத் தூக்கிப் பார்ப்பார். பாதிப் பேருக்குப் பூட்டில் கோளாறே இருக்காது. கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். மூத்தவன் உடைத்ததற்கு இளையவன் அடி வாங்குகிற மாதிரி, கீல் செய்த தப்புக்குப் பூட்டு பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். தினமும் திறக்கிற பூட்டு தேயாது. யாரும் தொடாத பூட்டுதான் இறுகிப்போகும். ஆகவே உபயோகமே இல்லாவிட்டாலும் மாதம் ஒரு தடவை சாவியைப் போட்டு ஒரு திருப்பு, மறுபடி ஒரு திருப்பு.

அவர் வீட்டிலும் அப்படி ஒரு பூட்டு இருந்தது. மகளின் அறையில், ஒற்றைக் கதவு வைத்த சின்ன இரும்பு பீரோ.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மகள் அதன் சாவியோடு மல்லுக்கட்டிவிட்டு, "சே, மக்கர் பண்ணுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதையும் அப்பாவிடம் சொல்லவில்லை, பூட்டிடம் சொன்னாள். ஊருக்கெல்லாம் பூட்டுப் பார்க்கிறவருக்கு அது போதும். அவள் தெருமுனை திரும்புவதற்குள் கம்பியை எடுத்துவிட்டார். சாவி அவள் பையில் இருந்தால் என்ன, அவருக்கு இரண்டு நிமிஷ வேலை. பார்த்தால், பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, கதவு தொங்குகிறது. சாமான்களைக் கட்டிலில் எடுத்து வைத்தார். பீரோவின் காலடியில் தகரத் துண்டு செருகினார். கீலை இறுக்கினார். பூட்டைக் கழற்றித் துடைத்துத் தூள் போட்டு மாட்டினார். பிறகு சாமான்களைத் திரும்ப அடுக்கினார். அகப்பட்டுக்கொண்டது அங்கேதான். அவள் வைத்திருந்ததைவிட ஒழுங்காக அடுக்கிவிட்டார்.

சாயங்காலம் மகள் பீரோ முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"யாரு திறந்தது?"

"இப்போ திருப்பிப் பாரு, வெண்ணெய் மாதிரி போகும்" என்றார் பெருமையாக.

"நான் கேட்டேனாப்பா?"

"மக்கர் பண்ணுதுன்னு சொன்னியே."

"உங்ககிட்டயா சொன்னேன்?" அவள் குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். "உள்ள ஒளிச்சு வெக்க ஒண்ணுமே இல்லப்பா. இருந்தாலும் அது என் இடம். இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு கதவுதான்."

அந்த இடத்தில் 'சரிம்மா, தப்புதான்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அன்றே கணக்கு நேராகியிருக்கும். பூட்டுக்காரர் வேறு வார்த்தை போட்டார். "என் வீட்டுல நான் திறக்கக் கூடாத கதவுன்னு ஒண்ணு இருக்கா?"

அடுத்த மாதமே அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிடைத்ததா, தேடிக்கொண்டாளா என்று யாரும் விசாரிக்கவில்லை. கிளம்புகிற அன்று பீரோவைப் பூட்டி, சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "சாவியை வெச்சிட்டுப் போறேன். இனிமே உங்களுக்குக் கம்பி வேண்டியதில்ல."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. மாத முதல் தேதியில், மனைவி கடைத்தெருவுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அறைக்குள் போவார். சாவித் துளையில் ஒரு சிட்டிகை தூளை ஊதுவார். சாவியைத் திருப்புவார், மறுபடி திருப்புவார். திருப்பும்போது கதவு தானாக விலகிவிடப் போகிறதே என்று இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். வேலை அரை நிமிஷம்தான். ஆனால் கையை எடுக்க நேரமாகும். தகரம் முதலில் ஜில்லென்று இருக்கும், பிறகு உள்ளங்கைச் சூட்டுக்கு வந்துவிடும். உள்ளே அவள் உடுப்பின் வாசனை கொஞ்சமாவது மிச்சமிருக்கும் என்று தெரியும். சாவித் துளையருகே குனிந்து, அந்தத் துளை வழியாக வருகிற அளவுக்கு மட்டும் மூச்சு இழுத்துக்கொள்வார். அது திறந்ததாகாது என்பது அவர் கட்சி.

மகள் போனில் பேசுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" "இருக்கேம்மா." "அம்மாகிட்ட குடுங்க." மூன்று வருஷப் பேச்சையும் சேர்த்தால் ஒரு தபால் தலையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஒரு வியாழக்கிழமை மனைவி போனை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் பரம்பரை வியாபாரக் குடும்பம். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, முகத்தைப் பார்த்து விலை கண்டுபிடிக்க முடியாது.

"ஞாயித்துக்கிழமை வர்றாளாம்."

"தங்கவா?"

"மத்தியானம் வந்துட்டு சாயங்காலப் பஸ்ல கிளம்பறாளாம். அங்க தனியா வீடு பிடிச்சிருக்காளாம். பீரோ சாமானை எடுத்துட்டுப் போக வர்றா."

"எல்லாத்தையுமா?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா?"

இத்தனை நாளும் அந்தப் பீரோ நிறைந்திருந்ததே அவருக்கு ஒரு தெம்பு. சாமான் இருக்கிற வீட்டுக்கு ஆள் வந்துதான் ஆக வேண்டும். காலியாகிவிட்டால் பிறகு எதற்காக வருவாள்? அம்மாவைப் பார்க்க அம்மாவை அங்கே வரச்சொல்லிவிடலாம். அப்பாவைப் பார்க்க என்று தனியாக ஒரு பஸ் பிடிக்க வேண்டிய நிலவரத்தை அவர் உண்டாக்கி வைத்திருக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. வருகிறவள் சாவியைப் போட்டதும் அது நழுவித் திரும்ப வேண்டும். மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த பூட்டு அப்படித் திரும்பினால் அவளுக்கு விளங்கும். பூட்டுக்காரர் மகளுக்கு அது விளங்காமல் போகாது. கதவைத் திறந்தால் உள்ளே அவள் வைத்தது வைத்தபடி இருக்கும். வாயால் சொல்ல வராததைப் பூட்டு சொல்லிவிடும்.

சனிக்கிழமை காலை ஒத்திகை பார்க்கப் போனார். சாவி உள்ளே போயிற்று, திரும்பவில்லை. வெளியே இழுத்தால் வரவே யோசித்தது. வந்தபோது பல்லிடுக்கெல்லாம் கன்னங்கரேலென்று ஒரு பசை. போன மாதமே திருப்பம் கொஞ்சம் கனத்ததுதான். ஈரக்காற்று என்று தள்ளிவிட்டார். வேறு யாராவது வந்து ஈரக்காற்று என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பசையை விரலில் தேய்த்து முகர்ந்தார். மிஷின் எண்ணெய்.

பக்கத்து அறையில் மனைவியின் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா, கொஞ்சம் இங்க வா."

"கையில வேலை இருக்குங்க."

"அந்தக் கை எங்கெங்க வேலை பாத்துச்சுன்னுதான் கேக்கணும்."

மிஷின் நின்றது. அவள் வந்து அவர் விரலைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், மறுக்கவில்லை. "ஆமா, நான்தான் விட்டேன். ரெண்டு மாசமா, வாரத்துக்கு ஒரு சொட்டு."

"பூட்டுக்கா? என் வீட்டுப் பூட்டுக்கா எண்ணெய்?"

"நீங்க அந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கறதில்ல. ஊர்ப் பூட்டையெல்லாம் தடவிக் குடுக்கிற மனுஷன், பெத்த பொண்ணு பூட்டைத் துருப்பிடிக்க விட்டுட்டாரு, அவ்வளவு வீம்புன்னு நினைச்சேன். வந்து நிக்கறப்போ அது திறக்கலைன்னா, நம்மளை மறந்தே போயிட்டாங்கன்னு நினைக்க மாட்டாளா?"

"வீம்பா? மாசா மாசம் தூள் போட்டது யாரு, எதிர்வீட்டுக்காரனா?"

"நீங்களா? எப்போ?"

"நீ கடைக்குப் போறப்போ. நீ?"

"நீங்க வேலைக்குப் போறப்போ."

இரண்டு பேரும் பீரோவைப் பார்த்தார்கள். அது ஒரு பக்கமும் சாயாமல் நேராக நின்றது.

"திறந்து பாத்தியா?"

"இல்லைங்க. நீங்க?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லைன்னா இல்ல." கொஞ்சம் பொறுத்து ஆதங்கமாகக் கேட்டார். "இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்றே. பூட்டுக்கு எண்ணெய் ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?"

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு எப்போ சொன்னீங்க?"

அவர் சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மனைவிதான் காரியத்துக்கு வந்தாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்போ திறந்து சுத்தம் பண்ணிடுங்க. நாளைக்கு அவ வந்து சாவியைப் போட்டா சரியா திரும்பட்டும். உங்களுக்கு ரெண்டு நிமிஷம்."

ரெண்டு நிமிஷம்தான். கீல் வெளியே தெரிகிற பீரோ அது. மேலும் கீழும் இருக்கிற ஆணிகளைத் தட்டி எடுத்தால் கதவு அப்படியே கையோடு வந்துவிடும். திறக்காமல் வெளியிலிருந்தே மண்ணெண்ணெய் பீச்சிக் கழுவலாம்தான். ஆனால் அந்தத் தார் கரைந்து உள்பக்கமாக வழியும். கதவின் உள்பக்கத்தில் அவள் துணிப் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். அது அவருக்குத் தெரியும். அன்று கேட்காமல் திறந்தபோது பார்த்ததுதான்.

"அன்னைக்கும் ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு" என்றார். "அவ இல்லாதப்போ நான் திறக்க மாட்டேன்."

"அப்போ நாளைக்கு அவ வந்து திறக்கலைன்னா?"

"திறக்கலைன்னு சொல்லுவோம்."

"இந்த நியாயம் அன்னைக்கு எங்க போயிருந்துச்சு?" என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே பொறுக்கவில்லை; அவர் முன்னால் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மெலிஞ்சுட்டே என்றாள் அம்மா. இல்லை, அப்படியேதான் இருக்கேன் என்றாள் மகள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பழைய சிரிப்பா, போன் சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. மடித்து வைத்திருந்த இரண்டு பெரிய பைகளை உதறினாள். சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல், மேசையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குப் போய்ப் பூட்டில் போட்டாள்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சாவியை உருவுகிற சத்தம்.

"அப்பா." விரலில் கறுப்புப் பசையோடு அறை வாசலில் வந்து நின்றாள். "என்ன இது?"

"இறுகிப்போச்சும்மா."

"உங்க வீட்டுல, பூட்டு, இறுகிப்போச்சு." ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைப்பது போல வைத்தாள். "நான் சாமான் எடுக்க வர்ற அன்னைக்குப் பாத்து. நான் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னா வாயைத் திறந்து சொல்லலாமில்ல? இதுக்குப் போய் பூட்டை அடைச்சு வெக்கணுமா?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அவரைச் சொல்லாதடி. எண்ணெய் விட்டது நானு."

"நீயா? பூட்டுக்கா? அப்பா இருக்கிற வீட்டுலயா?"

"அவருக்குத் தெரியாம விட்டேன். அவரு எனக்குத் தெரியாம தூள் போட்டிருக்காரு. மாசா மாசம். நீ வந்தா லேசா திறக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. ரெண்டும் சேந்து தாராயிடுச்சு."

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். உதடு ஒரு ஓரமாகத் துடித்தது, ஆனால் சிரிக்கத் தீர்மானிக்கவில்லை. "எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து" என்றார்.

"அப்போ நேத்தே திறந்து சரிபண்ணியிருக்கலாமே. உங்களுக்கு ரெண்டு நிமிஷம்தானே?"

"நீ இல்லாம எப்படிம்மா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கடைக்காரர் இல்லாதபோது கல்லாவில் எப்படிக் கை வைப்பது என்பது போல. மகள் விரலில் இருந்த பசையைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"திறங்கப்பா" என்றாள்.

"திறக்கட்டுமா?"

"அதான் சொல்றேனே, திறங்க."

சுத்தியும் ஆணி தட்டுகிற உளியும் எடுத்துவந்து குந்தினார். கீழ் ஆணி இரண்டு தட்டில் வந்தது. மேல் ஆணிக்கு எழுந்தபோது சுத்தி ஒரு தடவை தகரத்தில் பட்டுப் பெரிய சத்தம் போட்டது. மகள் கதவின் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஆணி வந்ததும் கீல் பக்கமாகக் கதவை விலக்கி, பூட்டின் நாக்கை விடுவித்து, கதவை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கினார். தூக்கியவர் திரும்பிப் பார்க்காமல் நேரே எதிர்ச் சுவர்வரை நடந்துபோய், கதவைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"திறந்தாச்சு" என்றார் சுவரிடம்.

"அப்பா."

"ம்."

"அங்க என்ன பண்றீங்க?"

"கதவைப் பிடிச்சிட்டு இருக்கேன்."

"திரும்புங்கப்பா. பாக்கலாம்."

திரும்பினார். ஒன்றும் இல்லைதான். கம்பளிச் சட்டைகள், கோப்புகள், பாட்மின்டன் மட்டை, வண்ணப் பெட்டி, ஆல்பங்கள், சின்ன வயசில் ஓடி வாங்கின பதக்கங்கள். அவர் அன்று அடுக்கிய ஒழுங்கு இல்லை. போகுமுன் அவளே கலைத்து வைத்திருந்தாள், தன் இஷ்டத்துக்கு. அந்தக் கலைசல் மூன்று வருஷமாக அப்படியே இருந்தது. மகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடவே இல்லையா?"

"சாவித் துளையோட சரி" என்றார். முகர்ந்ததைச் சொல்லவில்லை.

கதவைப் படுக்கவைத்து உள்பக்கத்து நட்டைக் கழற்றிப் பூட்டை எடுத்தார். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டார். கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து இறங்கியது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மகள் கேட்டாள்.

இங்கேதான் அவருக்குச் சோதனை. தொழிலில் எத்தனையோ பேர் அரைமணி வேலைக்கு அரைநாள் என்று சொல்லிப் பிழைக்கிறார்கள். 'நாளைக்குக் காலையில ஆயிடும்மா' என்று ஒரு வார்த்தை. ராத்திரி அவள் இந்த வீட்டில் தூங்குவாள். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். தன் அப்பா கடையில் நின்று வியாபாரம் பார்த்தவள், அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

"கழுவ கால் மணி. காயறதுக்கு ஒரு ராத்திரி வேணும். ஆனா நீ சாமான் எடுக்க அது காய வேண்டியதில்லம்மா. பீரோ திறந்துதானே இருக்கு."

இப்படி ஒரு வியாபாரியைத் தன் குடும்பத்தில் பார்த்ததே இல்லை என்பது போல மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டார்கள். புது வீட்டைப் பற்றி மகள் சொன்னாள்: சமையலறை ஜன்னல் சரியாக மூடுவதில்லை, தண்ணீர் மேலே ஏறக் காலையில் நேரமாகும். அவர் ஜன்னல் கொக்கியைப் பற்றி நாலு கேள்வி கேட்க வாயெடுத்து, ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அவள் உட்கார்ந்து பைகளை நிரப்பினாள். மேல் தட்டு முழுக்கக் காலியானது. நடுத்தட்டில் பாதி போயிற்று. ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு நட்டு கழன்றது. பைகள் நிறையுமுன்பே, இன்னும் இடம் இருக்கும்போதே, அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"மிச்சம்?" என்றாள் அம்மா.

"அடுத்த தடவை."

"கதவை மாட்டிடட்டுமா?" என்று கேட்டார் அவர். "பூட்டு இல்லாட்டியும் சும்மா சாத்தி வெக்கலாம்."

மகள் திறந்து கிடந்த பீரோவைப் பார்த்தாள். கீழ்த் தட்டும், நடுத்தட்டில் பாதியும், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. "இருக்கட்டும். நான் வர்றப்போ மாட்டிக்கலாம். அதுக்குள்ள பூட்டுக்கு எதைப் போடறதுன்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி வெய்யுங்க. தனித்தனியா வேண்டாம்."

பஸ் நிறுத்தம்வரை கனமான பையை அவர் தூக்கிக்கொண்டு போனார். தெரு விளக்குகள் இன்னும் எரியவில்லை. தெருவோர மின்பெட்டிகளைக் கடக்கும்போது கை தானாகப் போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன் போடாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை அவர் தயார் செய்துகொண்டே நடந்தார். அது நாக்கு நுனிவரை வந்தது. பஸ்ஸும் வந்தது.

"ஜன்னல் பக்கமா உக்காரு" என்றார்.

"சரிப்பா. போயிட்டு வரேன்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி பீரோ வாயில் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தாள், தூசி படக் கூடாதென்று. கழுவின பூட்டு ஒரு பேப்பரில் காய்ந்துகொண்டிருந்தது.

"அடுத்த தடவைன்னா எப்போங்க?" என்றாள்.

"சொல்லல."

"எங்கப்பா கடையில, அப்புறம் வரேன்னு சொல்லிட்டுப் போனவங்கள்ள பாதிப் பேரு வந்ததில்ல."

"மீதிப் பாதி?"

"அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனவங்க."

அவர் விரிப்பை விலக்கவில்லை. வெளியே நின்றபடியே மனசுக்குள் கணக்கு எழுதிப் பார்த்தார். போனது: மேல் தட்டு முழுவதும், நடுத்தட்டில் பாதி. இருப்பது: ஒரு மட்டை, வண்ணப் பெட்டி, இரண்டு ஆல்பம், பதக்கங்கள், ஒரு கம்பளிச் சட்டை. எண்ணெயும் தூளும்: அவருக்கும் மனைவிக்கும் நேருக்கு நேர் கழிந்தது. மகள் தரவேண்டியது: ஒரு வருகை, தேதி போடவில்லை. அவர் தரவேண்டியது: பஸ் வந்ததால் நின்றுபோன ஒரு வார்த்தை. பாக்கி, இரண்டு பக்கமும்.